நாகூர் தர்கா: ஓர் இரவு தங்கிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடும் வேன் பயணங்களில் நாகூருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நண்பகலில் அரை மணி நேரம்தான். தர்காவில் பார்க்க மிகக் குறைவாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். நாகூர் ஆண்டவர் எனப்படும் ஷாஹுல் ஹமீது பாதுஷா அடங்கியிருக்கும் உள் அறையின் கதவு அப்போது சாத்தியிருக்கும். முற்றத்துத் தரை காலைச் சுடும். சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு, வெளியில் நின்று மினாராக்களை ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாகூருக்கு வந்தால் ஒரு இரவு தங்குங்கள். மாலை ஒருமுறை, அடுத்த நாள் அதிகாலை ஒருமுறை உள்ளே போய் வாருங்கள். கீழே உள்ளதெல்லாம் அந்தக் கணக்கை வைத்து எழுதியதுதான்.

யார் அடங்கியிருக்கும் இடம்

ஷாஹுல் ஹமீது பாதுஷா 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இறைநேசர். வட இந்தியாவில் மாணிக்கப்பூரில் பிறந்தவர். குவாலியரில் முகம்மது கௌஸிடம் ஞானப் பாடம் பெற்று, மக்கா வரை போய், பிறகு தெற்கே வந்து, கடைசியில் நாகூரில் தங்கினார் என்பது வரலாறு. 404 சீடர்களோடு வந்தார் என்று மரபு சொல்கிறது. ஊர்க்காரர்கள் அவரை எஜமான் என்பார்கள். மற்ற ஊர்களில் நாகூர் ஆண்டவர்.

அப்போது தஞ்சாவூர் நாயக்கர் ஆட்சியில் இருந்தது. அச்சுதப்ப நாயக்கருக்கு எந்த வைத்தியத்துக்கும் கட்டுப்படாத நோய் வந்ததாம். அரண்மனையில் உடம்பெங்கும் ஊசி குத்திய புறா ஒன்று இருப்பதைச் சொல்லி, அதைக் கொண்டுவரச் செய்து, ஊசிகளைப் பிடுங்கி ஆண்டவர் பறக்கவிட்டதும் மன்னர் எழுந்து உட்கார்ந்தார் என்று கதை. இன்றும் நேர்ச்சையாகப் புறா விடுவது இதை ஒட்டித்தான். மினாரா மாடங்களில் அத்தனை புறாக்கள் ஏன் என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

இன்னொரு கதையும் தெரிந்திருந்தால் தர்காவைப் புரிந்துகொள்வது சுலபம். ஆண்டவருக்கு முடி மழித்துக்கொண்டிருந்தபோது, நடுக்கடலில் ஓட்டை விழுந்து ஒரு கப்பல் தத்தளிப்பது அவருக்குத் தெரிந்ததாம். கையிலிருந்த கண்ணாடியை வீச, அது போய் ஓட்டையை அடைத்துக் கப்பலைக் காப்பாற்றியதாம். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் கடலோடிய தமிழ் முஸ்லிம் வணிகர்களான மரைக்காயர்கள் போன இடமெல்லாம் நாகூரைக் கூடவே கொண்டுபோனார்கள் என்பது கண்ணால் பார்க்கக்கூடிய உண்மை. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1828-30 வாக்கில் எழுந்த நாகூர் தர்கா, பினாங்கில் சூலியா தெருவில் ஒன்று, இலங்கையில் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளி எல்லாமே இவர் பெயரில்தான். நாகூரில் கந்தூரி என்னும் ஆண்டு விழாவின் கொடி கப்பல் வடிவ ரதங்களில் வருவதையும், மினாரா உச்சியில் பாய்மரம் ஏற்றுவதையும் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

எந்த நாள், எந்த நேரம்

உள் அறை வழக்கமாகத் திறப்பது ஒரு நாளில் இரண்டு வேளை. அதிகாலை பஜ்ர் தொழுகையை ஒட்டித் திறந்து காலை 7 மணி வாக்கில் சாத்துவார்கள். மாலையில் மக்ரிப் தொழுகைக்குப் பின் திறந்து இரவு 9.30 வாக்கில் சாத்துவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் நண்பகலிலும் திறப்பு உண்டு. தொழுகை நேரம் சூரியனோடு நகர்வது என்பதால் கால் மணி, அரை மணி முன்பின் ஆகும். வந்து இறங்கியதும் வாசலில் உள்ள கடைக்காரரிடம் இன்றைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுவது நல்லது. வெளி முற்றங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கூட்டம் எப்போது? வெள்ளிக்கிழமை என்று நினைத்து வியாழன் மாலை நிம்மதியாகப் போகலாம் என்று கிளம்புபவர்கள் மாட்டிக்கொள்வார்கள். இஸ்லாமியக் கணக்கில் பொழுது சாய்ந்ததுமே அடுத்த நாள் பிறந்துவிடும். வியாழன் மாலையே வெள்ளி இரவு. வாரத்திலேயே நெரிசலான நேரம் அதுதான். அந்தக் கூட்டத்தையும் ஊதுபத்திப் புகையையும் அனுபவிக்கத்தான் வருகிறீர்கள் என்றால் வியாழன் மாலையைப் போல வேறில்லை. குழந்தை, முதியவர்களோடு வருபவர்கள், அமைதியாகச் சுற்றிப் பார்க்க விரும்புபவர்கள் திங்கள் முதல் புதன் வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.

மாதம் என்று பார்த்தால் ஜனவரி, பிப்ரவரி சுகம். ஏப்ரல், மே மாதங்களில் கடற்காற்று இருந்தாலும் பகல் பொழுது வாட்டிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நாகை மாவட்டத்தில் மழை என்பதோடு புயலும் சேர்ந்து வரும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையைத்தான் தாக்கியது. அந்த மாதங்களில் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

ரமலானில் வருவதிலும் ஒரு தனி அழகு உண்டு. ஆனால் பகலில் தர்காவைச் சுற்றியுள்ள பல சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். மாலை நோன்புக் கஞ்சி நேரத்துக்கு மேல்தான் ஊர் விழிக்கும், அப்புறம் நள்ளிரவு வரை தூங்காது.

எப்படிப் போவது

நாகூர், நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஐந்தாறு கிலோமீட்டரில், காரைக்கால் போகும் சாலையில் இருக்கிறது. ஊரிலேயே ரயில் நிலையம் உண்டு. அங்கிருந்து தர்காவுக்கு நடந்தே போய்விடலாம், மூட்டை முடிச்சு இருந்தால் ஆட்டோ. சென்னை எழும்பூரிலிருந்து இரவில் கிளம்பும் கம்பன் எக்ஸ்பிரஸ் மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக நாகூரைத் தொட்டுக் காரைக்கால் போகிறது. கேரளத்திலிருந்து வருபவர்களுக்கு எர்ணாகுளம்–காரைக்கால் ரயில். நாகூர் வரை டிக்கெட் கிடைக்காவிட்டால் நாகப்பட்டினம் வரை எடுங்கள், வித்தியாசம் ஒன்றும் இல்லை.

பேருந்தில் வந்தால் நாகப்பட்டினம் பேருந்து நிலையத்தில் இறங்கி, காரைக்கால் போகும் எந்த வண்டியிலும் ஏறலாம். எல்லாமே நாகூர் வழிதான். நகரப் பேருந்தும் அடிக்கடி உண்டு. புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் பக்கமிருந்து வருபவர்கள் நாகை வரை போகத் தேவையில்லை. காரைக்காலைத் தாண்டியதும் நாகூர்தான். விமானத்தில் வருபவர்கள் திருச்சியில் இறங்கி தஞ்சாவூர், திருவாரூர் வழியாக வர வேண்டும், சுமார் 140 கிலோமீட்டர். மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலிருந்து வரும் யாத்ரீகர்களின் வழக்கமான பாதையும் அதுதான்.

சொந்த வண்டியில் வந்தால் தர்காத் தெருக்களுக்குள் நுழைய முயல வேண்டாம். தெருக்கள் குறுகல், இரண்டு பக்கமும் கடை, நடுவில் ஆடு. சற்று வெளியே நிறுத்திவிட்டு நடப்பது புத்திசாலித்தனம்.

தங்குவது

தர்காவைச் சுற்றி லாட்ஜுகள் நிறைய. பெரும்பாலும் எளிமையானவை, ஏழெட்டுப் பேர் கொண்ட குடும்பம் ஒரே அறையில் படுத்துக்கொள்ள வசதியாகப் பெரிய அறைகளும் கிடைக்கும். அறையைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். குறிப்பாகக் குளியலறையையும் தண்ணீரையும் பாருங்கள்; இந்தக் கடலோரத்தில் பல இடங்களில் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும்.

கொஞ்சம் வசதியாகத் தங்க வேண்டும் என்றால் நாகப்பட்டினம், காரைக்கால், வேளாங்கண்ணி மூன்றிலும் நல்ல ஓட்டல்கள் உண்டு. ஆனால் அதிகாலைத் திறப்புக்குப் போக வேண்டும் என்றால் தர்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருப்பதற்கு ஈடில்லை. இருட்டோடு எழுந்து, பத்து நிமிடத்தில் முற்றத்தில் நிற்கலாம்.

இரண்டு நெருக்கடிகளை மட்டும் கவனியுங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்த நாட்களில் நாகை வட்டாரம் முழுக்க அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. சனிக்கிழமைக்கு முந்தைய இரவும் சனிக்கிழமையும் திருநள்ளாறு கூட்டம் காரைக்காலை நிறைத்துவிடும்.

உடையும் கையில் இருக்க வேண்டியதும்

தலையை மூட வேண்டும், ஆண் பெண் இருவரும். ஆண்களுக்குத் தொப்பி இல்லையென்றால் கைக்குட்டை போதும். வாசலில் தொப்பி விற்கவும் செய்வார்கள். பெண்களுக்குத் துப்பட்டாவோ புடவை முந்தானையோ. அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை வேண்டாம். மெல்லிய பருத்தி உடையாக இருக்கட்டும், ஈரக் காற்றில் மற்றதெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

செருப்பைக் காசு கொடுத்துப் பாதுகாப்பவரிடம் விடுங்கள். பகலில் போவதானால் பழைய சாக்ஸ் ஒன்று கூட இருக்கட்டும். சில்லறை நிறைய வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாப் பணத்தையும் ஒரே பர்ஸில் வைத்து எல்லார் முன்னாலும் திறக்காதீர்கள். தங்க நகை போட்டுக்கொண்டு கந்தூரிக் கூட்டத்துக்குள் போவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை.

வாசலில்: பேச்சைச் சுருக்குங்கள்

நாகூரைப் பற்றி யாராவது மனம் கசந்து பேசினால் அது பெரும்பாலும் வாசலில் நடந்ததைப் பற்றித்தான் இருக்கும். ரயிலடியிலிருந்தே "வாங்க பாய், வாங்கம்மா, நான் கூட்டிப்போறேன்" என்று ஒருவர் ஒட்டிக்கொள்வார். உள்ளே போனதும் குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹாவை ஓதி, கையில் கயிறு கட்டி, ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டிப் பெயரையும் தொகையையும் எழுதச் சொல்வார். முந்தைய பக்கத்தில் எழுதியிருக்கும் தொகையைப் பார்த்தால் உங்களுக்கே கூச்சமாகிவிடும். அதற்காகத்தான் அந்தப் பக்கம்.

கோபப்பட ஒன்றும் இல்லை. "நாங்களே பார்த்துக்கிறோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நடந்தால் போதும். ஓதுவதற்கு ஆள் வேண்டும் என்றால் என்ன கொடுப்பீர்கள் என்பதை ஓதுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். தர்காவில் பரம்பரை உரிமையுள்ள சாபுமார்கள் இருக்கிறார்கள். ஆண்டவரின் ஞானப் புதல்வரான யூசுபின் வழிவந்தவர்கள். பல குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த ஒரு சாபு வீடு இருக்கும். தாத்தா வந்தபோது ஓதியவரின் பேரன் பேரனுக்கு ஓதுவார். அப்படித் தொடர்பு இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். காணிக்கை செலுத்த விரும்புபவர்கள் உண்டியலில் போடலாம், நிர்வாக அலுவலகத்தில் கொடுத்து ரசீதும் வாங்கலாம்.

பூவும் சர்க்கரையும் ஊதுபத்தியும் வைத்த தட்டு வாங்குவது கட்டாயமில்லை. வாங்கினால் விலை கேட்டு வாங்குங்கள். பக்கத்திலேயே தகட்டில் வெட்டிய உருவங்கள் தொங்கும்: வீடு, தொட்டில், கை, கால், கண், படகு. வீடு கட்ட நேர்ந்தவர் வீட்டையும், கண் நோய் தீர்ந்தவர் கண்ணையும் செலுத்துவார். இந்தக் கடைகளின் முன் ஐந்து நிமிடம் நின்று யார் எதை வாங்குகிறார்கள் என்று பாருங்கள். கட்டம் போட்ட லுங்கியும் நெற்றியில் திருநீறுமாக ஒரு மீனவர் தகட்டுப் படகைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பாய்மரம் வளைந்திருக்கிறது என்று வேறொன்று கேட்பார். இங்கே வருபவர்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் ஏராளம்.

உள்ளே: திசை பிடிபட ஒரு வழி

வளாகத்துக்கு நான்கு பக்கமும் வாசல். சுற்றுப் பிராகாரங்களும் தூண் மண்டபங்களும் மாறி மாறி வருவதால் முதல்முறை வருபவர்களுக்கு வந்த வழி மறந்துவிடும். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. நம் நாட்டில் முஸ்லிம் அடக்கத்தலங்களில் தலை வடக்கே, கால் தெற்கே, முகம் மேற்கே, தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து இருக்கும். இங்குள்ளவர்கள் தலைமாட்டு வாசல் என்று சொன்னால் வடக்கு, கால்மாட்டு வாசல் என்று சொன்னால் தெற்கு. இதைப் பிடித்துக்கொண்டால் வழி தவறாது. கூட வந்தவர்கள் பிரிந்தால் சந்திக்கும் இடமாகவும் இந்த வாசல்களில் ஒன்றைச் சொல்லி வையுங்கள்.

தங்கக் கலசம் கொண்ட குவிமாடத்தின் கீழ் மூன்று அடக்கங்கள்: ஆண்டவர், யூசுப், யூசுபின் மனைவி சுல்தான் பீவி. அங்கே போகும் வழியில் வெள்ளித் தகடு பொதிந்த கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கூட்ட நாளில் இந்த நிலைகளில்தான் நெரிசல். முதியவர்கள் நிலைப்படியில் கால் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்கள் எதுவரை போகலாம், பெண்கள் எங்கே நிற்கலாம் என்பதை அங்கே நிற்பவர்கள் சொல்வார்கள். சொன்னபடி நில்லுங்கள்.

முஸ்லிம்கள் சலாம் சொல்லி, பாத்திஹா ஓதி, துஆ (வேண்டுதல்) கேட்டுத் திரும்புவார்கள். மற்றவர்கள் கைகூப்பி நின்றாலும், சும்மா நின்றாலும் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. மயிற்பீலிக் கட்டால் தலையில் தடவி, சர்க்கரையோ பூவோ தருவார்கள். உள்ளே புகைப்படம் வேண்டாம். வெளி முற்றங்களில் எடுக்கலாம், ஆனால் தொழுபவர்கள் மீதும் பெண்கள் மீதும் கேமராவைத் திருப்பாதீர்கள்.

வளாகத்துக்குள் ஆற்காட்டு நவாபின் பெயரில் நவாப் பள்ளிவாசல் இருக்கிறது. தர்கா வேறு, பள்ளிவாசல் வேறு என்பதை மறக்க வேண்டாம். தொழுகை நேரத்தில் அதற்குள் சுற்றிப் பார்க்கப் போகக் கூடாது.

இன்னொன்று. தர்கா வழிபாடு மார்க்கத்தில் சரியா என்ற விவாதம் தமிழ் முஸ்லிம்களுக்குள் பல காலமாக நடக்கிறது. உங்கள் முஸ்லிம் நண்பர் ஒருவரே "நான் தர்காவுக்கு வர மாட்டேன்" என்று சொல்லக்கூடும். அது அவருடைய கொள்கை. தர்கா முற்றத்தில் உட்கார்ந்து அதைப் பற்றி அங்குள்ளவர்களிடம் விவாதம் கிளப்புவது மட்டும் வேண்டாமே.

மினாராக்கள்

ஐந்து மினாராக்கள் உண்டு. பெரிய மினாரா 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங், 1739 முதல் 1763 வரை ஆட்சி செய்தவர், தனக்கு ஆண் வாரிசு கிடைத்த நன்றிக்குக் கட்டிக்கொடுத்தது. சாகிபு மினாரா, தலைமாட்டு மினாரா, முதுபக் மினாரா, ஓட்டு மினாரா ஆகிய மற்ற நான்கும் 77 அடியிலிருந்து 93 அடி வரை. நாயக்கர் காலத்தில் நிலம், மராட்டியர் காலத்தில் கோபுரம், நவாப் பெயரில் பள்ளி என்று ஆட்சிகள் மாறினாலும் மானியம் நிற்கவில்லை.

பெரிய மினாராவைக் கிட்டே நின்று பார்ப்பதைவிடத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். மாடம் மாடமாக அடுக்கி, சதுரமாக எழும்பும் கட்டிடம். தில்லி, ஆக்ராவில் பார்க்கும் உருண்டையான மினார்களை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது வேறு மாதிரித் தெரியும். கட்டியவர்கள் இந்த வட்டாரக் கொத்தனார்கள், அவர்கள் கை பழகிய வேலைதான் இதிலும் தெரிகிறது. மாலை வெயில் சாயும் நேரத்தில் புறாக்கள் மாடங்களுக்குத் திரும்பும்போது பார்ப்பதுதான் சரி. மக்ரிபுக்கு முக்கால் மணி முன்பே வந்துவிட்டால் இதைப் பார்த்துவிட்டு உள் அறை திறக்கும் நேரத்துக்குப் போகலாம்.

குளமும் மொட்டையும்

தர்காவை அடுத்த குளத்தை ஷிபா குண்டா என்கிறார்கள். நோய் தீரும் என்ற நம்பிக்கையில் குளிப்பார்கள், பாட்டிலில் எடுத்துப்போவார்கள். அருகிலேயே முடி இறக்குவது நடக்கும். முதல் மொட்டை நாகூரில் என்று நேர்ந்துகொண்ட இந்துக் குடும்பங்களையும் அங்கே பார்க்கலாம். குழந்தைக்கு என்றால் புதிய பிளேடு கண்முன்னே பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள், சந்தனத்தைக் கையோடு கொண்டுபோங்கள். குளத்துத் தண்ணீரைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தலையில் தெளித்தால் போதாதா?

நோயாளியோடு வருபவர்களுக்கு

மனநலம் பாதித்தவர்களைத் தர்காக்களுக்கு அழைத்துவந்து தங்கவைக்கும் வழக்கம் நம் பக்கம் பழையது. நாகூர் மண்டபங்களிலும் அப்படிச் சிலரையும், அவர்கள் பக்கத்திலேயே பாய் விரித்து வாரக்கணக்கில் இருக்கும் தாய்மார்களையும் பார்ப்பீர்கள். அவர்களைப் படம் எடுக்காதீர்கள், கூடி நின்று வேடிக்கை பார்க்காதீர்கள்.

நீங்களே அப்படி ஒருவரை அழைத்துவருகிறீர்கள் என்றால், மாத்திரையை நிறுத்திவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடித் தர்கா அருகே ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் இதைப் பற்றி அரசும் நீதிமன்றமும் விழித்துக்கொண்டன. பின்னர் ஏர்வாடித் தர்காவிலேயே துஆவோடு மருந்தும் சேர்ந்தே போகட்டும் என்ற ஏற்பாடு வந்தது. நாகூருக்கு வருபவர்களும் அப்படியே செய்யலாம். நாகப்பட்டினத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

சில்லடி, வாஞ்சூர்

தர்காவிலிருந்து கிழக்கே நடந்தால் சில்லடிக் கடற்கரை. ஆண்டவர் தனித்திருந்து தியானம் செய்த இடம் என்று ஒரு சிறு தர்கா அங்கே உண்டு. 2004 சுனாமியில் அடி வாங்கிய கரை இது. கடலில் இறங்காமல் கரையோடு நடப்பது நல்லது. அலை இழுப்பு அதிகம், பக்கத்தில் வெட்டாறு கடலோடு கலக்கும் முகத்துவாரமும் இருக்கிறது. அதிகாலை ஜியாரத் (அடக்கத்தலத் தரிசனம்) முடித்துவிட்டு ஒரு டீயோடு இங்கே வந்தால் படகுகள் திரும்பும் நேரமாக இருக்கும்.

வாஞ்சூர் வடக்கே, காரைக்கால் எல்லையில். ஆண்டவர் 40 நாள் குழிக்குள் தவம் இருந்ததாகச் சொல்லப்படும் இடம். ஆட்டோவில் போய்வரலாம், போக வர என்று சேர்த்துப் பேசிவிடுங்கள். நேரம் இல்லையென்றால் இதை விட்டுவிடலாம், சில்லடியை விடாதீர்கள்.

கந்தூரி

இஸ்லாமிய நாட்காட்டியில் ஜமாதுல் ஆகிர் மாதத்தின் முதல் 14 நாட்கள் கந்தூரி. 2024 டிசம்பரில் நடந்தது 468-ஆவது. இந்த எண்ணைப் பார்த்து 2024-இலிருந்து 468-ஐக் கழித்து ஆண்டவர் மறைந்த ஆண்டு 1556 என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது ஹிஜ்ரி என்னும் இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு. ஹிஜ்ரி 1446-இல் 468 போனால் 978, அதாவது 1570.

பிறைக் கணக்கு என்பதால் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். 2024-இல் டிசம்பர், அடுத்த ஆண்டு நவம்பர் என்று இப்போது இது நேராகப் பருவமழைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே வரும் சில கந்தூரிகளுக்கு வருபவர்கள் குடை, மாற்று உடை, போனுக்கு ஒரு பாலிதீன் உறை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கொடியேற்றத்துக்குச் சில நாள் முன்பே ஐந்து மினாராக்களிலும் பாய்மரம் ஏற்றிவிடுவார்கள். முதல் நாள் இரவு நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ரதங்களும் பல்லக்குகளும் மேளதாளத்தோடு கொடியைக் கொண்டுவரும். இடையில் வாணவேடிக்கை ஒரு நாள். பீர் மண்டபத்தில் ஒரு பக்கீர் நோன்பு வைத்து அமர்வதும், பிறகு அவரை ஊர்வலமாகக் கடற்கரைக்கு அழைத்துப்போவதும் நாகூருக்கே உரியவை. எல்லாவற்றுக்கும் உச்சம் பத்தாம் இரவின் சந்தனக்கூடு, அதாவது சந்தனம் கொண்டுவரும் கூட்டின் ஊர்வலம். நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பும் கூடு மெல்ல மெல்ல நகர்ந்து விடியற்காலையில்தான் தர்கா வந்து சேரும். பிறகு ஆண்டவரின் அடக்கத்துக்குச் சந்தனம் பூசுவார்கள். தமிழக அரசு சந்தனக் கட்டை வழங்குகிறது, நாகை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறையும் விடுவார்கள்.

சந்தனக்கூட்டைப் பார்க்க வருபவர்கள் செய்யும் தவறு, தர்கா வாசலில் இரவு முழுக்க நசுங்கி நிற்பது. அதைவிட, ஊர்வலம் வரும் நாகை–நாகூர் சாலையில் எங்காவது நின்றால் கூட்டைக் கிட்டத்தில் நன்றாகப் பார்க்கலாம், மூச்சும் விடலாம். சாலைப் போக்குவரத்தை மாற்றி விடுவார்கள் என்பதால் அன்று மாலைக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். பூசி முடித்த சந்தனம் பிறகு மக்களுக்கும் கிடைக்கும், அதற்காக முண்டியடிக்க வேண்டியதில்லை. சிறு குழந்தைகளோடு வருபவர்களுக்குப் பத்தாம் இரவு வேண்டாம். கொடியேற்றமோ இடைப்பட்ட ஒரு நாளோ போதும்.

சாப்பாடு

மாலையில் தர்காத் தெருக்களில் வாடா போடுவார்கள். அரிசி மாவை வட்டமாகத் தட்டி, நடுவில் வெங்காய மசாலா, மேலே ஒரு முழு இறாலைப் பதித்துப் பொரிப்பது. எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் இறாலின் ஓடுகூட மொறுமொறுவென்று இருக்கும், ஆறிவிட்டால் ரப்பர். ஆகவே அடுப்படியில் நின்றே சாப்பிட வேண்டும். இறாலின் மீசையைக் கிள்ளிவிட்டுக் கொடுங்கள், குழந்தைகளுக்குத் தொண்டையில் குத்தும்.

இரவுக்குப் பரோட்டாவும், நெய்ச்சோறும் தாளிச்சாவும். ஊருக்கு வாங்கிப்போக ரவை, முட்டை, பால் சேர்த்துச் செய்யும் தம்ரூட், அல்வா. தர்காச் சர்க்கரைப் பொட்டலத்தை மழைக்காலத்தில் உடனே டப்பாவில் போட்டுவிடுங்கள், பொழுது விடிவதற்குள் கசிந்து பைக்குள் எறும்பு வந்துவிடும்.

மற்ற ஊர்களோடு சேர்த்து

வேனில் மூன்று தலங்களும் வேண்டும் என்பவர்கள் இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் பகலில் வேளாங்கண்ணி. அங்கிருந்து நாகை வழியாக மாலை நான்கு, நான்கரைக்குள் நாகூர், அறை எடுத்து, குளித்து, மக்ரிபுக்கு முன் முற்றம். அடுத்த நாள் அதிகாலைத் திறப்பு, சில்லடி, காலைச் சாப்பாடு. பிறகு வடக்கே காரைக்கால் அம்மையார் கோயிலும் திருநள்ளாறும். சனிக்கிழமை மட்டும் இந்த வரிசையை எடுக்காதீர்கள், திருநள்ளாற்று வரிசையிலேயே பொழுது போய்விடும். கூடுதலாக ஒரு அரை நாள் இருந்தால் வடக்கே தரங்கம்பாடிக்கு விடுங்கள். 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை கடலோரத்தில் நிற்கிறது. முருக பக்தர்களுக்கு நாகைக்கு மேற்கே சிக்கல், திருவாரூர் சாலையிலேயே வருவதால் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

ரயிலில் திரும்புபவர்கள் மாலை ஜியாரத்தையும் கம்பன் எக்ஸ்பிரஸையும் ஒரே இரவில் சேர்க்கப் பார்க்க வேண்டாம். சென்னைக்குப் போகும் வண்டி காரைக்காலிலிருந்து இரவில்தான் கிளம்புகிறது, உள் அறை திறந்திருக்கும் நேரத்தோடு மோதிவிடும். காலையிலேயே ஜியாரத்தை முடித்துவிட்டால் சாயங்காலம் வாடா சாப்பிடவும் நேரம் இருக்கும்.